எஞ்சின் சத்தம்

13.6.2000, செவ்வாய். மல்லாவி.

வவுனியாவிலிருந்து வந்த பழைய கம்பியூட்டரை முழுசா அழிச்சு, வகுப்புப் பிள்ளைகளுக்காக இண்டைக்குப் புதுசா விண்டோஸ் போட்டனான். இங்கை கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் எஞ்சின்தான். பாதியிலை பக்கத்து வளவு மேரி அக்கா வேலியடிக்கு வந்தா. குண்டு போட கிபிர் பிளேன் வாற சத்தத்தை முதலிலை கேட்டு ஒழுங்கைக்கே கத்திச் சொல்லுறது அவாதான்.

"தம்பி, உதை நிப்பாட்டும். வானத்திலை ஒண்டும் கேக்குதில்லை."

"இடையிலை நிப்பாட்டினால் திரும்ப முதலிலிருந்து போடோணும் அக்கா. கொஞ்சம் பொறுங்கோ."

திரும்பப் போட்டால் என்ன குறைஞ்சு போயிருக்கும்?

முதல் குண்டு விழுந்த பிறகுதான் எல்லாரும் பங்கருக்கு ஓடினது. அக்காவின்ரை புருசன் கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிண்டவர். அவருக்கு ஓட நேரம் கிடைக்கேல்லை. நான் வெளியிலை வரேக்கையும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிப்பாட்டினாப் பிறகுதான் அக்கா குழறுறது கேட்டது.

பின்னேரம் செத்தவீட்டுக்குப் போனனான். ஒருத்தரும் என்னை ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாம். அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்து, மெதுவாக் கேட்டா.

"வேலை முடிஞ்சுதோ தம்பி?"

ஓம் எண்டு தலையாட்டினனான்.