நான்காவது டிக்கெட்

அன்பு வாலுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம், பூனையும் நலம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் ஞாயிற்றுக்கிழமை உன் ஊரிலிருந்து எங்கள் ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சித்தி, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா என்று கேட்டாய். ஒன்றுமில்லை, சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமல் போட்டு வைக்காதே என்றேன். நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அன்றைக்கு மத்தியானம் நீயும் அப்பாவும் மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தபோது, நீ இரண்டு நாளும் எங்களைக் கூட்டிப்போகாமல் சுற்றிப்போன அந்த நீலப் பந்தல் போட்ட சந்துக்கு நான் தனியாகப் போய்வந்தேன். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட கீழ்வீட்டு டாக்டரம்மா, ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன் குடியிருக்கிற இடத்திலேயே இந்த லட்சணமா என்று அங்கிருந்தே சத்தம் போட்டாராம். அப்பா கதவை நெம்பிக்கொண்டே, உங்க வீட்லதானே டாக்டரம்மா எப்பப் பாத்தாலும் இருமல் கேக்குது என்றாராம். அன்றிலிருந்து அந்தம்மா நம்மோடு பேச்சில்லை. என் அலுவலகத்தில் வெயில் காலம் வந்தாலே காப்பீட்டுக் கோரிக்கைகள் மலைமாதிரி குவிந்துவிடும், வழுக்கி விழுந்தவர்கள், தீப்பிடித்த குடோன்கள், அதில் எது நிஜம் எது ஜோடனை என்று பிரிப்பது என் வேலை. எங்க சித்தி பொய் பிடிக்கிற ஆபீஸ்ல இருக்காங்க என்று பள்ளிக்கூடத்தில் நீ பீற்றிக்கொள்வாயே. எங்களுக்கு அங்கே ஒரு முறை உண்டு, உனக்கும் தெரியும். ஒரே கேள்வியை மூன்று தடவை, வேறு வேறு வார்த்தையில், இடையில் கொஞ்ச நேரம் விட்டுக் கேட்க வேண்டும். உண்மை சொல்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். பொய் சொல்கிறவர்கள் எழுத்து மாறாமல் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலையில் உன் அறையில் டீ போடலாம் என்று சர்க்கரை தேடினேன். டீ டப்பாவுக்குப் பின்னால் நான்கு டிக்கெட் இருந்தன. பொம்மை நாடகம், அன்றைக்கே, மூன்று மணி. நாமோ மூன்று பேர். நான்காவது ஆள் யார்? என் தொழில் புத்தி டீ கொதிப்பதற்குள் ஒரு பையனை உருவாக்கி, மீசை வைத்து, சட்டை மாட்டி, உன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துவிட்டது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை, விசாரித்தேன்.

வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களுக்கு மட்டும் விட்டிருந்த அந்தத் தெருவில் அப்பா நடந்த நடையைப் பார்த்தாயா, நடுரோட்டில் நடந்தாலும் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அரங்குகளின் வாசலில் குடைகளுக்குக் கீழே மேசைகள், வயலின் வாசித்த பெண், வெயிலில் பளபளத்த கண்ணாடிக் கதவுகள். நானும் ரசித்திருக்கலாம். பழைய புத்தகக் கடை முன்னால் நின்று, இவ்வளவு அரங்கு இருக்கே, நீ நாடகமெல்லாம் பார்ப்பியா என்றேன். எங்க, சித்தி? நேரமே கிடைக்கிறதில்ல என்றாய். வயலின்காரப் பெண்ணைத் தாண்டியதும், பொம்மை நாடகம்னா எனக்கு ஆசை, இங்கே போடுவாங்களா என்றேன். எங்க, சித்தி? நேரமே கிடைக்கிறதில்ல. மூன்றாவது தடவை, வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்து நாடகத்துக்குப் போவார்களாமே, நீ யாரோடு போவாய் என்றேன். அதே வார்த்தை. முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை. பெரிதாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு அந்தச் சந்து. ரோடு தோண்டியிருக்காங்க, ஒரே தூசி என்று நீ சொல்லி முடிப்பதற்குள் அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை ஓடிவந்தது. அதன் வெள்ளைச் செருப்பில் ஒரு பொட்டு தூசி இல்லை.

அப்புறம் எலுமிச்சை ஜூஸ் விற்பவர். உன் கையில் கிளாஸைக் கொடுத்துக்கொண்டே, என்னம்மா, இன்னைக்கு அம்மா வரலையா என்று கேட்டார். வேற யாரையோ நினைச்சுட்டார் போல என்று நீ என்னிடம் சொன்னாய், உன் காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. கால்கட்டையில் நடந்த வித்தைக்காரனை அப்பா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் மீசைக்காரப் பையன் அந்த நிமிஷமே காணாமல் போனான். மூன்று மணிக்கு நாம் நீரூற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தோம். நீ மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த நீலப் பந்தல் சந்தில் அவரைப் பார்த்தேன். பொம்மை நாடக அரங்கின் பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். விரல் நீளச் சட்டை ஒன்றை ஆள்காட்டி விரலில் மாட்டி, தலையைச் சாய்த்துக் காலர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நீ கண்ணாடி முன்னால் நிற்கும்போது சாய்க்கிற அதே சாய்வு. அப்பா பழைய ஃபைலுக்குள் வைத்திருக்கிற அந்த ஒரே புகைப்படத்தைப் பன்னிரண்டு வருஷத்தில் நான்கு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன், அதனால் சந்தேகம் வரவில்லை. உனக்கு ஆறு வயதில் நாடகக் குழுவோடு கிளம்பிப்போன உன் அம்மா. எழுதிவிட்டேன்.

கையில் வரைபடம் வைத்துக்கொண்டே ரயில் நிலையத்துக்கு வழி கேட்டேன். ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்து சந்து முனை வரை கூடவே வந்தார். என் பொண்ணும் பக்கத்துலதான் இருக்கா என்றார் தானாகவே. நேற்று வீட்ல இருக்கிறவங்களோட நாடகத்துக்கு வர்றேன்னு சொன்னா, நானும் லீவு போட்டுட்டு நாலாவது சீட்டுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன், வரல, பயந்துட்டா போல என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, அவ சித்தி பெரிய கெட்டிக்காரியாம், அவங்ககிட்ட எதையும் மறைக்க முடியாதாம், ஆனா ராத்திரி காய்ச்சல்னா விடியுற வரைக்கும் முழிச்சிருந்து கதை படிச்சுக் காட்டுவாங்களாம் என்றார். நான் யாரென்று சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி, நிழல்லயே போங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். வழி கேட்கிறவளிடம் எந்த ஊர் என்று கேட்காத மனுஷியை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் யாரென்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். இத்தனை வருஷம் கழித்து ஏன் வந்தார், எவ்வளவு நாளாகப் பார்க்கிறாய், ஜூஸ் விற்பவருக்கே தெரிந்த விஷயம் எனக்கு ஏன் தெரியவில்லை, இனி விடுமுறைக்கு எந்த வீட்டுக்குப் போவாய் என்று ராவும் பகலும் மனசு நோண்டிக்கொண்டிருக்கிறது. நான் அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இப்போது உனக்கிருக்கிற வயது. பதினோரு வயதுப் பெண் ஒருத்தி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், அவளிடம் நல்ல பெயர் வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பெயரை யாருக்காகவாவது திருப்பிக் கேட்டுவிடுவாயோ என்று பயந்துதான் அத்தனை கேள்வியும் கேட்டேன். எங்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்க நீ எவ்வளவு நாள் யோசித்திருப்பாய். என் மூன்று கேள்விகள் அதைக் கெடுத்துவிட்டன. தப்பு என்னுடையது.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஜூஸ்காரர் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லையே என்றேன். கேட்டுச்சு, அதான் அந்தக் கால்கட்டைக்காரனையே பார்த்துக்கிட்டு நின்னேன் என்றார். அப்புறம் மொட்டைமாடிக்குப் போய்விட்டார், ஒரு மணி நேரம் வரவில்லை. நான் அவரை மூன்று தடவை கேட்கவில்லை, ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீ மறுபடியும் நான்கு டிக்கெட் எடுத்து வை. நான் வருவேன், முதல் மூன்று இருக்கையில் எதைக் கொடுத்தாலும் சரி. அப்பாவுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது, அவர் வராவிட்டால் அவர் மேல் கோபப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நினைத்தது நடந்து, யாருக்கும் பயப்படாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உன்னோடு. ஒளிக்க வேண்டிய எதையும் டீ டப்பாவுக்குப் பின்னால் வைக்காதே, சர்க்கரை தேடுகிறவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

என்றும் உன்
சித்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது அப்பா வந்து, எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடு என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டைப் பார்க்கப் போனார். இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை காலை வண்டி.