அண்ணன் பட்டறைக் கொல்லை மண்ணைச் சோதிக்கக் கோரி

அனுப்புநர்
ஆராய்ச்சி உதவியாளர், தாவரவியல் ஆய்வகம்
(முலாம் பட்டறை உரிமையாளரின் உடன்பிறந்த தம்பி)

பெறுநர்
மாசுத் தடுப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: முலாம் பட்டறைக் கழிவுநீர் வீட்டுக் கொல்லையில் கலப்பது – அங்கு விளையும் கீரையை உண்ணும் குழந்தைக்கு உடனடி இரத்தப் பரிசோதனை கோருவது – அறிந்தும் வாய்மூடியிருந்த மனுதாரர் மீதும் நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நச்சு உலோகம் ஏறிய மண்ணில் நிற்கும் செடிகள் காற்றில் விடும் வாசனைச் சேர்மங்களை அளப்பது என் பணி. தக்காளிக் கிளையைப் பையால் மூடி, உள்ளிருக்கும் காற்றைச் சிறு பம்பால் மெல்லிய குழாய்க்குள் இழுத்து, அதில் ஒட்டியதைக் கருவியில் பிரித்துப் பார்ப்போம். துன்பப்படும் செடி அதிகமாக வெளிவிடும். நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது, கருவிக்குத் தெரியும்.

2. இதற்கு இரண்டு வரிசைச் செடிகள் வேண்டும். ஒன்றுக்குக் காட்மியம் கலந்த நீர். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க, சுத்தமான மண்ணில். வாங்கிய மண் முதல் வரிசைக்கே சரியாகப் போய்விட்டது. மறுபடி வாங்கச் சோம்பல்பட்டு, அண்ணன் பட்டறைக்குப் பின்னால் அண்ணி கீரை போட்டிருக்கும் கொல்லையிலிருந்து சாக்கில் அள்ளி வந்தேன். கீரை அவ்வளவு செழிப்பாக இருந்தது. படித்தவன் செய்கிற வேலையா இது என்று தாங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான்.

3. விஷம் குடித்த செடிகளைவிட, விஷமே கொடுக்காத செடிகள் அதிகம் வெளிவிட்டன. கருவியைத் திட்டினேன். சுத்தம் செய்து மறுபடி ஓட்டினேன், அதே கதை. கடைசியில் மண்ணையே சோதித்தேன். முலாம் பூசப் பயன்படும் காட்மியமும் நிக்கலும் வரம்பை மீறி நின்றன. பட்டறையில் கழுவிய நீர் சுவரோர ஓட்டை வழியாகக் கொல்லைக்குப் போவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான்.

4. அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புது மண் வாங்கி, பரிசோதனையை முதலிலிருந்து செய்தேன். முடிவு அழகாக வந்தது. கருத்தரங்கில் கைதட்டலும் வாங்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அம்மா.

5. அதன்பின் அந்தக் கீரையை நான் தொடவில்லை. ஒருநாள் நான் அதைத் தட்டின் ஓரம் ஒதுக்கியதைப் பார்த்த அண்ணி, "என்ன தம்பி, பெரிய ஆளானதும் அண்ணி சமையல் கசக்குதா?" என்று சிரித்தபடி, அதை எடுத்துத் தம் மகளுக்கு ஊட்டிவிட்டார். வீட்டில் சுண்டெலி என்று அழைக்கப்படும் மேற்படி குழந்தைக்கு நான்கு வயது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்தை மனு நடையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

6. அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். "செடி மூச்சு விட்டுச்சுன்னு பட்டறைய மூடச் சொல்றியாடா? எத்தனை குடும்பம் இதுல சாப்பிடுது! நீயும் இதுலதான படிச்ச?" என்றார். பொய்யில்லை. அப்பா போனபின் என்னை ஆளாக்கியது அந்தப் பட்டறைதான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறேன் என்று அவர் சொல்வார். சொல்லட்டும்.

7. இன்று காலை அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "எப்போலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

8. ஆகவே, முதலில் குழந்தையின் இரத்தத்தையும், பிறகு கொல்லை மண்ணையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் சோதிக்க ஆணையிடுமாறு கெஞ்சிக் கேட்கிறேன். பட்டறைக்குச் சீல் வைப்பதற்குமுன், கழிவுநீரைச் சுத்திகரிக்க என் அண்ணனுக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள். அவர் கெட்டவர் அல்லர், நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது; சொன்னபின்னும் நம்பவில்லை. எனக்குத் தெரியும். எனவே என் பெயரை மறைக்க வேண்டாம்; எனக்குரிய தண்டனையைக் குறைக்கவும் வேண்டாம்.

9. இன்னும் ஒன்றே ஒன்று. இரத்தப் பரிசோதனை முடிவை, நான் துறையில் இருப்பவன் என்பதற்காக, என்னிடம் கொடுத்தனுப்பிவிடாதீர்கள். வந்த நிமிடமே அவள் தாயிடம் சொல்லுங்கள். ஒரு முடிவு முதலில் என் கைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

இடம்: பட்டறைத் தெரு
நாள்: 11.08.2023

தலைகுனிந்து,
சுண்டெலியின் சித்தப்பா
(கையொப்பம்)