டெப்போவை விட்டுக் கிளம்பாத வண்டி

இன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், ஒரு வார கால ஆலோசனைக்குப் பிறகு, உன் விடைக்குக் கீழே இருக்கும் கீழ்நோக்கிய அம்பை அமுக்குவது என்று முடிவெடுக்கப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டது நான் ஒருவன். முடிவு ஒருமனதானது அல்ல.

போன வாரம் நம்முடைய அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நாம் தினம் ஒரு புரோகிராம் புதிர் போட்டுப் பார்த்த அந்தத் தளத்தில், நீ எழுதி வைத்த விடைக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: "ப்ரோ, உங்க கோடு ஓடல. முதல் இடத்துல இருக்கீங்க, கேட்டா பதில் சொல்ல மாட்டீங்களா?" நீ பதில் சொல்லாததற்கான காரணம் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. லெப்பைக்குடிக்காட்டில் உன்னை அடக்கம் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது.

உன் கோடை, நீ எழுதி வைத்த அந்தப் புரோகிராமை, ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தளத்துக்காரர்கள் புதிதாக ஒரு சோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் உன் விடை விழுந்துவிடுகிறது.

நம்மைக் கண்டக்டரிடம் மாட்டிவிட்டதும் இதே புதிர்தான். ஒரு பஸ், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று ஒரு பட்டியல், கூட்டம் உச்சத்தில் இருந்தபோது உள்ளே எத்தனை பேர்? புதிரில் நிறுத்தங்களுக்கு வெறும் எண்தான். உனக்கு அது பிடிக்காது, ஊர்ப் பெயர் வைத்தே தீருவாய்.

"கீழப்பழுவூர்ல பன்னெண்டு பேர் ஏறிருக்கான், ரெண்டே பேர்தான் இறங்கிருக்கான். எங்கயோ இடிக்குதே மாப்ள!" என்று நீ ஊரைக் கூட்டினாய். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு நம் சீட்டுக்கு வந்தார்.

"சார், செக்கிங்குங்களா?"

"இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல புதிர் போடுறோம்."

"போட்டா ஏதாச்சும் தருவாங்களா?"

"பச்சையா ஒரு டிக் வரும்ணே."

அவர், "பாத்தா படிச்ச புள்ளைங்க மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார். ஆனால் மறுநாள் ஏறியதும் அவராகவே, "நேத்து டிக் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றோம். "டிரைவரையும் என்னையும் சேத்துத்தான எண்ணுனீங்க?" என்றார். அரியலூர் வரும்வரை நாம் அதை விவாதித்தோம். இறங்கும்போது நீ, "நம்ம ஆபீஸ் மீட்டிங்ல இந்த மாதிரி ஒரு கேள்வி எவன் கேட்டுருக்கான்?" என்றாய்.

நான் எந்த விடையைக் காட்டினாலும் நீ கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "வண்டி டெப்போவ விட்டே கிளம்பாத நாளும் உண்டுல்ல மாப்ள? அன்னிக்கு உன் கோடு என்ன சொல்லும்?" பட்டியல் காலியாக வந்தால் என்ன ஆகும் என்று அர்த்தம். கிளம்பாத பஸ்ஸுக்கு எதுக்குடா கணக்கு என்று எரிந்து விழுவேன். "பூஜ்யம்னு ஒரு வரி எழுதுனா விரல் தேஞ்சுடாது" என்பாய். உன் தொல்லை தாங்காமல் எழுதிவிடுவேன்.

புதிதாகச் சேர்த்திருக்கும் சோதனை, காலிப் பட்டியல். என் விடை தேறிவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன நீ, உன் விடையில் அந்த வரியை எழுதவில்லை.

அந்தத் தளத்தில் விடை பிடித்தால் மேலம்பு, பிடிக்காவிட்டால் கீழம்பு, அதுதான் ஓட்டு; அதில் நாம் வைத்துக்கொண்ட விதி உனக்கு நினைவிருக்கும். ஒருவர் விடைக்கு ஒருவர் மேலம்பு போட்டுக் கொள்ளக் கூடாது, அது சொந்தக்காரனுக்குப் பரிவட்டம் கட்டுவது போல. தப்பு கண்டுபிடித்தால் மட்டும் கீழம்பு கட்டாயம். விதியை நீ எவ்வளவு மதித்தாய் என்றால், பூலாம்பாடியில் என் நிச்சயதார்த்தத்தன்று, பந்தியில் இடது கையால் கைப்பேசியைத் தட்டி என் விடை ஒன்றுக்குக் கீழம்பு போட்டாய். அப்பளம் வைத்துக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்து, "சாப்பாடு பிரமாதம் மாப்ள. ஓட்டு வேற, சாப்பாடு வேற" என்றாய்.

இந்த பஸ் புதிரில் மட்டும் நாம் இருவரும் கடைசிவரை சம ஓட்டில் நின்றோம். அந்தப் பக்கத்தில் முதலிடம் பிடித்துவிட வேண்டும் என்று நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். துபாயிலிருந்து உன் அண்ணன் விசா அனுப்பினபோதுகூட, "முதல் இடத்தப் புடிச்சுட்டு வரேன்னு சொல்லிருக்கேன்" என்றவன் நீ. உன்னை அடக்கம் செய்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது நான் விதியை மீறினேன். மேலம்பு போட்டேன். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நீ முதலிடத்துக்கு வந்தாய். இதை உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

ஒரு வாரமாக யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டால் உனக்கு முதலிடம் நிலைக்கும். வருகிறவர்கள் எல்லாம் உன்னைத் திட்டுவார்கள். விதிப்படி கீழம்பு போட்டால் யாருக்கு லாபம் என்பதையும் யோசித்தேன். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இன்று காலை டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரிடமே கேட்டுவிட்டேன்.

அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: "ஓட்ட வண்டின்னு தெரிஞ்சப்புறம் போர்டு மாட்டி வெக்கலாமா சார்? ஏறுறவன் பாவம்ல." பிறகு, "அவரா தப்பா போட்டாரு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நான் இப்போது எந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் வரி காலிப் பட்டியலுக்குத்தான். ஆபீஸில் லாரி எடை போடும் புரோகிராமில், லாரியே வராத நாளுக்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன். சிமெண்ட் ஆலை இருக்கிற ஊரில் லாரி வராத நாள் ஏது என்று மேனேஜர் கேட்டார். கிளம்பாத நாளும் உண்டு சார் என்றேன்.

பஸ் கிளம்பியதும், விடுபட்ட அந்த ஒரு வரியை உன் விடைக்குக் கீழே எழுதினேன். கேட்டவருக்கு, இதைச் சேர்த்தால் ஓடும், மற்றதெல்லாம் சரியாகவே இருக்கிறது என்று பதில் போட்டேன். பிறகு கீழம்பை அமுக்கினேன். ஒன்றரை வருடமாக எரிந்துகொண்டிருந்த மேலம்பு தானாக அணைந்தது.

பேரளி தாண்டும்போது அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். முதலிடத்தில் என் விடை இருந்தது.