பளபளப்பு பார்க்கும் நேரம்

என் பெயின்டரம்மாவுக்கு,

ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு கடிதமான்னு சிரிப்பே. சிரி. நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

கம்பெனியில என்னை வீட்டுக்கு அனுப்பிட்டு, நான் பெயின்ட் அடிச்ச ஸ்ப்ரே கன்னை உன் கையில கொடுத்தாங்களே, அதுல எனக்கு வயித்தெரிச்சல்னு உங்கம்மாகிட்ட சொன்னியாம். அதனாலதான் தனி ரூம்ல படுக்கிறேனாம். அது நிஜமா இருந்திருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!

விமானத்து றெக்கைக்குப் பெயின்ட் அடிச்சு முடிச்சதும் நாம என்ன பண்ணுவோம்? மாஸ்க் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கும். அதைக் கழட்டிட்டு, குனிஞ்சு, பளபளப்பு சரியா வந்திருக்கான்னு பார்ப்போம். கன்னைத்தான் நிறுத்தியாச்சே, இனி என்னன்னு ஒரு தைரியம். அடிச்ச பெயின்ட் இன்னும் காத்துலயே நிக்குதுன்னு நமக்குத் தோணவே இல்ல. நீ இப்பவும் அப்படித்தான் பார்க்கிறியா?

இந்த நெஞ்சுக்கு இனி அந்தப் பெயின்ட் துளிகூட ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். துணியில, தலைமுடியில ஒட்டிக்கிட்டு வந்தாலே போதுமாம். நீ ரெண்டு தடவை குளிச்சுட்டுத்தான் வர்றே, தெரியும். ஆனா போன வாரம் நீ என் தோள்ல சாய்ஞ்சப்ப இருமினேனே, அது சளி இல்ல.

வேலையை விட்டுடுன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா அடுப்பெரியாது. போயிட்டு வான்னு சொல்லவும் மனசு வரல. பெயின்ட் அடிக்கிற இடத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் மாஸ்க்கைக் கழட்டணும், புரியுதா?

இதை என் ரூம் கதவுக்கு அடியில வெளியே தள்ளுறேன். படிச்சுட்டு அழு, திட்டு, என்ன வேணா பண்ணு. கதவை மட்டும் தட்டாதே.

தட்டினா நான் திறந்துடுவேன்.

உன் வீட்டுக்காரன்