நோர்வேஜிய மொழி படிக்கப் பதினேழு பேர் எழுதிய ஒரே காரணம்

அனுப்புநர்:
குகதாசன் கஜனி,
மூன்றாம் வருட மாணவி,
ஸ்கந்தபுரம், கிளிநொச்சி.

பெறுநர்:
இணைப்பாளர் அவர்கள்,
பிறமொழிக் கற்கை அலகு,
பல்கலைக்கழக வளாகம்.

விடயம்: ஆசிரியர் திருமதி விமலேஸ்வரியிடம் விளக்கம் கோரிய உங்கள் கடிதத்தை மீளப்பெற வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. இடைநிறுத்திய நோர்வேஜிய மொழி வகுப்பைச் சென்ற சனிக்கிழமை மீண்டும் நடத்த அனுமதித்தீர்கள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆயினும் பதினேழு விண்ணப்பங்களிலும் ஒரே காரணம் இருந்ததால், வகுப்பைத் தக்கவைக்க அவற்றை ஆசிரியரே நிரப்பினார் என்ற குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது. அது உறுதியானால் அவரது நியமனம் போய்விடும்.

2. அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை. "இம்மொழியை ஏன் கற்க விரும்புகிறீர்கள்?" என்ற இடத்தில் "ஆய்வறிவை விரிவாக்குவதற்காக" என்று முதலில் எழுதியவள் நான். மற்றப் பதினாறு பேரும் அதைப் பார்த்து எழுதினார்கள். இது களவல்ல ஐயா, பழக்கம். மீள்குடியேற்றப் படிவமோ வீட்டுத்திட்டப் படிவமோ, எங்கள் பக்கத்தில் அயல்வீட்டைப் பார்த்துத்தான் நிரப்புவோம். வேறுமாதிரி எழுதியவரின் கோப்புத்தான் எப்போதும் தங்கிப்போகும். நாங்கள் எழுதிய அந்த 'ஆய்வு' என்னவென்று சத்தியமாக எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

3. உண்மையான காரணங்களை அவரவர் கையெழுத்தில் இணைத்துள்ளேன். விதுசன், "இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாத பாஷை ஒண்டு எனக்குத் தெரியவேணும், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறான். ராஜினிக்கு வெளிநாட்டில் யாருமில்லை. ஆங்கில வகுப்பில் எல்லாரும் தனக்கு முன்னால் நின்றார்கள், இங்கு மட்டும்தான் எல்லாரும் தன்னோடு சேர்ந்து முதலெழுத்திலிருந்து தொடங்கினார்கள் என்கிறாள். வாசித்தபோது வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சுப் பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

4. என் காரணம்: ஒஸ்லோவிலுள்ள அண்ணனின் மகளுக்கு ஏழு வயது. தாய் நோர்வே நாட்டவர். பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஞாயிறுதோறும், அண்ணன் வேலையில் நிற்கும் நேரத்தில், தொலைபேசியில் ஏதோ கேட்பாள், என் அம்மா சிரித்துச் சமாளிப்பார். பிறகு, "அந்தப் பிஞ்சு என்ன கேக்குதெண்டு ஒருக்கா விளங்கினாக் காணுமடி" என்று என்னிடம் அழுவார். இந்த ஞாயிறு எனக்கு விளங்கியது. "உங்கள் வீட்டில் நான் படுக்க இடம் இருக்கிறதா?" என்று கேட்கிறாள். ஒரு வருடமாக அதையேதான் கேட்டிருக்கிறாள்.

5. இருக்கிறது என்று அவளுடைய மொழியிலேயே சொன்னேன். அந்தச் சொல்லைத் தந்தவர் திருமதி விமலேஸ்வரி. பிள்ளை மார்கழியில் வருகிறாள். அதற்குள் நான் படிக்க நிறைய உண்டு. எனவே ஆசிரியரிடம் விளக்கம் கோரிய கடிதத்தை மீளப்பெற்று, தண்டனை ஏதும் உண்டென்றால் அதை எனக்கே தந்து, எங்கள் ஆசிரியரை எங்களிடம் விட்டுவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஸ்கந்தபுரம்
திகதி: 14.10.2024

இங்ஙனம்,
கு. கஜனி