பின்னாலை கூப்பிடாத பேர்

மச்சான்,

இண்டைக்குப் பின்னேரம் ட்வெய்ட்டா பஸ் தரிப்பிலை பஸ்ஸுக்கு நிண்டனான். கடையளுக்குப் பக்கத்திலை ரோட்டைக் கிண்டிப்போட்டிருக்கிறாங்கள். அந்த ஈரக் களிமண் வாசம் மூக்கிலை ஏறிச்சுது பார், பஸ் வந்ததும் தெரியேல்லை, போனதும் தெரியேல்லை.

உனக்கு நான் ஒண்டு சொல்லேல்லை. சொல்லாமலே உன்னை அடக்கம் பண்ணிப்போட்டும் வந்திட்டன்.

நாங்கள் இஞ்சை ரோட்டுக்குக் கீழை தண்ணிப் பைப் தாட்ட காலம். குழிக்குள்ளை இறங்க முன்னம் நீ நெஞ்சிலை சிலுவை போடுவாய். அதுக்குப் பிறகு ஆரும் வாய் திறக்கக் கூடாது. ஒருக்கா நான், "மச்சான், கிளவுஸை விட்டிட்டுப் போறாய்" எண்டு பின்னாலை கூப்பிட்டுப்போட்டன். நீ திரும்பி ஏறி வந்தாய்.

"விசரா, வெளிக்கிட்டவனைப் பின்னாலை கூப்பிடுறதே? ஆகாதெண்டு தெரியாதே?"

ஏசிப்போட்டு, இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சுத்தான் திரும்ப இறங்கினாய். வேலைக்குப் பொறுப்பான போஸ் மேலை நிண்டு கத்துறான், நீ ஊதி ஊதிக் குடிக்கிறாய். உன்ரை மனுசி பிளாஸ்கிலை ஊத்தித் தாற தேத்தண்ணி, இஞ்சி கூடித் தொண்டை எரியும். சரி, அதை விடு.

உனக்கு அது நடந்த நாள், மண்ணைத் தாங்குற இரும்புப் பெட்டி மற்றக் குழியிலை நிண்டது. "ஒரு பைப் மூட்டுத்தானே, கெதியா முடியுங்கோ" எண்டான் போஸ். நீ சிலுவை போட்டு இறங்கத் துவங்கினாய். அப்பத்தான் கண்டனான், குழி விளிம்போடை மயிர் அளவிலை ஒரு வெடிப்பு. கூப்பிட வாய் திறந்தனான். நீ ஏசுவாய் எண்டு மூடிக்கொண்டன். முன்னாலை போய்ச் சொல்லுவம் எண்டு குழியைச் சுத்தி நடந்தன். ஒரு பஸ் நீளம் இருக்கும். அரைவாசி போகேக்கை மண் சரிஞ்சு உன்னை இடுப்பளவுக்கு மூடிப்போட்டுது.

பிறகு எவ்வளவு காலம் ஊண்டுதடியோடை திரிஞ்சாய். வேலைக்கெண்டு நீ பிறகு போகவேயில்லை. வாறவை போறவைக்கெல்லாம், "இவன் உடனை ஓடிவந்து கிண்டினபடியால் தப்பினன்" எண்டு சொல்லுவாய். நானும் தலையாட்டுவன். போன மாரி நெஞ்சு வருத்தம் வந்து நீ போய்ச் சேருமட்டும் ஆட்டினன்.

இண்டைக்கு ட்வெய்ட்டாவிலை கிண்டின குழிக்குள்ளை ஒருத்தன் இறங்கப் போனான். "டேய், நில்லடா!" எண்டு பின்னாலை கத்திப்போட்டன், தமிழிலை. வெள்ளைக்காரன் திடுக்கிட்டு மேலை ஏறி வந்து என்னைப் பார்த்தான். எட்டிப் பார்த்தால், உள்ளுக்குப் பெட்டி இறக்கித்தான் கிடக்குது. சிரிச்சுக் கையைக் காட்டிப்போட்டு இறங்கினான்.

அண்டைக்கும் இப்பிடிக் கத்தியிருந்தால் இவ்வளவுதானே மச்சான். நீ ஏசியிருப்பாய். மேலை ஏறி வந்து, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிச்சுக்கொண்டிருந்திருப்பாய், மண் சரியேக்கை.

உன்ரை பேர் இன்னும் என்ரை தொண்டையிலைதான் நிக்குது.