மூன்று பேனாவில் எழுதிய பதில்கள்

அண்ணனூர்,
மாசி 3, சனிக்கிழமை.

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. அந்தப் பனி ஊரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். வாரத்துக்கு நாலு தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அப்பா குறுக்கே வந்து ஜோக் அடிப்பார். அதனால் கூரியரில் வரும் இந்தப் பார்சலில் முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் மற்ற தாள்களைப் பிரி. பருப்புப் பொடி அடியில் இருக்கிறது, அதற்கு அவசரமில்லை.

இங்கே உன் படிப்பைப் பற்றித்தான் பேச்சு. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டும் வேம்புலி உன் மக அப்படி இன்னா படிக்குது என்று கேட்டார். ஒரு கல்லூரியை எப்படி நடத்துவது, அங்கே எப்படிப் பாடம் சொல்லிக்கொடுப்பது, அதையே பாடமாக எடுத்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்றேன். அத்தக்கூட படிக்கணுமாம்மா, அது தானா நடந்துகினு கீதே என்றார். தானாக நடக்கிறதால்தான் இந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சொன்னேன் பார், ஆட்டோவில் இருந்த சவாரிகூடச் சிரித்துவிட்டது. அப்படிச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? முப்பத்தைந்து வயதில் நிரந்தர வேலையை உதறிவிட்டுப் படிக்கப் போகிறாளே என்று உன்னிடம் சண்டை போட்டவளும் நான்தான், இன்றைக்குக் காய்கறிக் கடைக்காரரை நிறுத்திவைத்து உன்னைப் பற்றிச் சொல்கிறவளும் நான்தான். வெட்கமே இல்லை எனக்கு.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ அந்தக் கேள்வித் தாள்களை அனுப்பி, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் கொடுத்து அவர்களையே எழுதச் சொல்லும்மா என்றாய் அல்லவா, அண்ணனூர், ஆவடி, குத்தம்பாக்கம் என்று இருபத்திரண்டு வீட்டுக்குப் போனேன். யாருக்கும் நேரமில்லை. ஒருவர் கண்ணாடி இல்லை என்றார், ஒருத்தி சமையலாகவில்லை என்றாள், பாதிப்பேர் நீங்களே எழுதிக்குங்க, உங்க பொண்ணுக்குத்தானே என்றார்கள். நானும் கையெழுத்து மட்டும் போடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து இருபத்திரண்டையும் நானே எழுதினேன் எழில். ஒரே கை என்று தெரியக்கூடாதே என்று மூன்று பேனா மாற்றினேன். வேம்புலிக்கும் காலேஜ் போன பெண் உண்டே, அவர் தாளில் கொஞ்சம் கோணலாகக்கூட எழுதினேன். எல்லாவற்றிலும் மிகவும் திருப்தி, மிகவும் திருப்தி என்று டிக் அடித்து, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். பதில் நன்றாக இருந்தால் உனக்கு மார்க் நன்றாக வரும் என்று நினைத்த முட்டாள் நான். சத்தியமாக உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் நீ போன் பண்ணினாய். அம்மா, பெற்றவங்க எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க தெரியுமா, கேளு என்று ஒரு வரியைப் படித்தாய், ஆசிரியர்கள் எங்கள் பிள்ளையைத் தங்கள் வீட்டுப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார்கள் என்று. அது என் வரி. பதினாலு தாளில் அதையே வார்த்தை மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன். உன் கைடு ஆச்சரியப்பட்டுப் போனார், இதையே முக்கியமான அத்தியாயமாக வை என்று சொல்லிவிட்டார், அடுத்த மாசக் கடைசியில் கமிட்டி முன்னால் நின்று பேசப்போகிறேன், கையெழுத்துள்ள அசல் தாள்களை அனுப்பு என்றாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். விடு லோகா, யாருக்குத் தெரியப்போகுது, இப்ப போய்ச் சொன்னா அவ படிப்பே நின்னுடும் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. நீ பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்த்தபோது கல்லூரியின் தரத்தைப் பார்க்கக் கமிட்டி வருகிறது என்று பெற்றவர்களை வரவழைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற வேலையை உன்னிடம் கொடுத்தார்களே. அன்றைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாய், சாப்பிடவில்லை. அம்மா, அவங்ககிட்ட யாரும் எதுவுமே கேக்கலம்மா, பதிலை மட்டும் கையில குடுத்தோம் என்றாய். அந்த வாரம்தான் மேலே படிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தாய். நீ எதைத் தாங்க முடியாமல் வேலையை விட்டாயோ, அதையே நான் நம் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் ராணுவ உடுப்புத் தைக்கிற ஃபேக்டரியில் செக்கராக இருந்தவள், தையலை விரல் வைத்து இழுத்துப் பார்க்காமல் ஒரு சட்டைக்கு முத்திரை குத்தியதில்லை. பெற்ற மகளின் படிப்புக்குப் பார்க்காமலே குத்திவிட்டேன். அப்பாவிடம், உங்க ரயில்வே ஷெட்டில் பிரேக் பார்க்காமல் ஒரு ரயிலை வெளியே விடுவீர்களா என்று கேட்டேன். மனுஷன் எழுந்து போய் உன் தாளை இருபத்திரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்.

பழைய தாளைத் தொடாதே, புதுசு வருகிறது என்று மறுநாள் போனில் சொன்னதும், ஏன் என்று நீ கேட்டதும், நான் மழுப்பியதும் இதற்குத்தான். மறுபடி எல்லா வீட்டுக்கும் போனேன். போன தடவை நான் செய்தது தப்பு, நீங்களே சொல்லுங்கள், விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்று சொல்லி, சம்மதம் கேட்கும் உன் முதல் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். பதினேழு பேர் சொன்னார்கள். எழுத முடியாதவர்களுக்கு அவர்கள் வாயால் வந்ததை வந்தபடி எழுதினேன், இந்தத் தடவை ஒரே பேனா. வேம்புலி பெற்றோர் கூட்டத்துக்குப் போனாராம். ஃபுல்லா இங்கிலீஷ்லயே பேசிகினு இருந்தாங்கம்மா, பக்கத்துல கீறவரு கை தட்டனா நானும் தட்டனேன் என்றார். ஊட்ல பொண்ணு ஒரு வார்த்த பேச மாட்டேங்குது, காலேஜ்லயாச்சும் பேசுதான்னு கேக்கணும்னு போனேன், கேக்காமயே வந்துட்டேன் என்றார்.

அஞ்சலையை உனக்குத் தெரியும், இரண்டு தெரு தள்ளி பிளவுஸ் தைக்கிறவள். அவள் மகன் டிகிரி முடித்துவிட்டான் என்றுதான் ஆறு வருஷமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷமே நின்றுவிட்டானாம். அவளுக்கே அது ஐந்து மாசம் தெரியாது. தெனம் காலைல எழுந்து சோறு கட்டிக் குடுத்தேன்க்கா, அவன் எங்கியோ போய்ட்டு காலி டப்பாவ எடுத்துகினு வந்துகினு இருந்தான், காலேஜ்லேர்ந்து ஒரு போன் பண்ணிருந்தா ஓடிப்போய் கால்ல உழுந்து சேத்துட்டு வந்திருப்பனே என்று சொல்லிவிட்டு மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். கல்லூரி உங்களுக்குத் தொடர்ந்து தகவல் தெரிவித்ததா என்ற கேள்விக்கு, அவள் தாளில் நான் மிகவும் திருப்தி என்று போட்டிருந்தேன். பாவி நான். பெயர் வெளியே வராது, ஆனால் எழிலிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவகிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது, எல்லாத்தையும் எழுதுக்கா, இத்தினி வருஷத்துல இத்த என்கிட்ட ஒருத்தரும் கேக்கல என்றாள்.

இப்போது உன் முக்கியமான அத்தியாயம் போய்விட்டது, எனக்குத் தெரியும். கோபம் வந்தால் கோபப்படு, இரண்டு நாள் பேசாமல்கூட இரு, மூன்றாம் நாள் பேசிவிடு. கைடிடம் நடந்ததை நடந்தபடி சொல், எங்க அம்மா செய்த தப்பு என்றே சொல், எனக்கு மானக்கேடு ஒன்றுமில்லை. கமிட்டி முன்னால் நிற்பது ஆறு மாசம் தள்ளிப்போனால் போகட்டும். பட்டம் வாங்கி நீ ஒரு கல்லூரிக்குத் தலைவியாக உட்காரும்போது இந்தப் பதினேழு பேரும் சொன்னது உன் மேஜை மேல் இருக்க வேண்டும். என் வரி அங்கே இருக்கக்கூடாது.

அந்தப் பதினேழு தாளோடு பதினெட்டாவதாக ஒரு தாள் இருக்கிறது, அது என்னுடையது. அதில் கடைசிக் கேள்வி, கல்லூரியிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா என்பது. உண்டு. நீ முதல் வருஷம் படிக்கும்போது, உனக்குத் தெரியாமல், இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு உன் கல்லூரிக்கு வந்தேன். வாத்தியார்கள் அறைக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். யாரைப் பார்க்கணும் என்று பியூன் கேட்டதற்கு, வழி தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். என் பெண் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்க வந்தேன், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்து, உனக்கு என்ன கேட்க வேண்டும் என்று தாளில் அச்சடித்து என் வாசலுக்கே அனுப்பியது என் பெண்தான். அவள் நன்றாகத்தான் படிக்கிறாள்.

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே, எண்ணெய் தீர்ந்தால் சொல். நீ எடுத்த காரியம் குறையில்லாமல் முடிய அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, பழைய தாள்களைக் கிழித்துப் போட்டுவிடு, கிழிக்கக்கூடாது என்று உங்கள் சட்டம் சொன்னால் தனியாகக் கட்டி வை. பெற்ற தாயின் தாளை ஆராய்ச்சியில் சேர்க்கக்கூடாது என்றால் அதையும் சேர்க்க வேண்டாம், ஆனால் ஒரு தடவை படி.

இப்படிக்கு,
உன் அம்மா,
லோகநாயகி ரகுநாதன்
(பதினெட்டாம் தாள்)